ஆம்பிள்ஃபோர்த்: ஒரு பள்ளி போலீசைக் கூப்பிடாத கதை

இங்கிலாந்தில் யார்க் நகரத்துக்கு வடக்கே சுமார் முப்பது கிலோமீட்டர் போனால் ஒரு பள்ளத்தாக்கு வரும். அதன் வடக்குச் சரிவில் ஆம்பிள்ஃபோர்த் மடமும் அந்த மடம் நடத்திய பள்ளியும் இருக்கின்றன. எதிர்ச் சரிவில், மூன்று நான்கு கிலோமீட்டர் தள்ளி, மரங்களுக்கு நடுவே கில்லிங் கோட்டை. எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலேயக் கத்தோலிக்கப் பணக்காரக் குடும்பங்கள் தங்கள் மகன்களை எட்டு வயதில், சில சமயம் அதற்கும் முன்னால், பெட்டி படுக்கையோடு அந்தக் கோட்டையில் கொண்டுவந்து விட்டார்கள். பதின்மூன்று வயதானதும் பிள்ளை பள்ளத்தாக்கைத் தாண்டி எதிர்ச் சரிவுக்குப் போவான். பதினெட்டு வயதில் அங்கிருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்கோ ராணுவத்துக்கோ போவான். சிலர் அங்கேயே துறவியாக நின்றுவிடுவார்கள்.

கில்லிங் போன்ற இடங்களுக்குத்தான் பிரிட்டனில் ‘பிரெப் ஸ்கூல்’ என்று பெயர். அமெரிக்காவில் இதே சொல் கல்லூரிக்கு முந்தைய உயர்நிலைப் பள்ளியைக் குறிக்கும். பிரிட்டனில் அது சின்னப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி. பெரிய தனியார் பள்ளிகளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்து அனுப்புவது அதன் வேலை. ஆகவே இந்தக் கட்டுரையில் நான் பேசுவது பல் விழுந்து முளைக்கிற வயதில் வீட்டை விட்டு வந்த பிள்ளைகளைப் பற்றி. இரவில் அழுகை வந்தால் யாரிடம் போவது? அங்கே இருந்த பெரியவர்களிடம்தான் போக வேண்டும். அந்தப் பெரியவர்களில் பலர் துறவிகள்.

2018 ஆகஸ்ட் 9 அன்று, பிரிட்டனின் சிறார் பாலியல் வன்முறை குறித்த சுதந்திர விசாரணை ஆணையம் ஆம்பிள்ஃபோர்த் பற்றியும், தெற்கே சாமர்செட்டில் உள்ள டவுன்சைடு என்ற, அதே துறவற சபையின் இன்னொரு பள்ளியைப் பற்றியும் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆணையத்தின் தலைவர் பேராசிரியர் அலெக்சிஸ் ஜே. இந்த இரண்டு இடங்களோடு தொடர்புடைய பத்துப் பேர், பெரும்பாலும் துறவிகள், சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்காகவோ ஆபாசப் படக் குற்றங்களுக்காகவோ தண்டிக்கப்பட்டோ போலீசால் முறைப்படி எச்சரிக்கப்பட்டோ இருக்கிறார்கள் என்று அது பதிவு செய்தது. உண்மையான எண்ணிக்கை இதைவிட மிக அதிகமாக இருக்கக்கூடும் என்றும் சொன்னது. ஆம்பிள்ஃபோர்த்தில் பாதிக்கப்பட்டவர்களில் மிகச் சிறியவருக்கு வயது ஏழு.

இதைப் படித்தபோது என்னை மிகவும் உலுக்கியது வேறொரு வரி. அங்கே நடந்தவற்றில் பல மறைவாகவே நடக்கவில்லை, மற்றப் பிள்ளைகள் பார்க்கவே நடந்தன என்கிறது அறிக்கை. அவ்வளவு வெளிப்படையாக நடந்தது என்றால், அது அந்த இடத்தில் சகித்துக்கொள்ளப்பட்டது என்றுதானே அர்த்தம் என்று ஆணையம் முடிவுக்கு வருகிறது. அப்படியானால் பல பத்தாண்டுகள் அந்தச் செய்தி பள்ளத்தாக்கைத் தாண்டி ஒரு காவல் நிலையத்துக்குப் போய்ச் சேராதது எப்படி? எனக்குத் தெரிந்து அதற்கான விடை அந்தப் பள்ளியின் வரலாற்றிலும், அந்த மடத்தின் அமைப்பிலும் இருக்கிறது.

ஒளிந்து பிழைத்த மடம்

ஆம்பிள்ஃபோர்த் ஆசீர்வாதப்பர் சபையைச் சேர்ந்தது. ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த புனித பெனடிக்ட்டைத்தான் தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஆசீர்வாதப்பர் என்கிறார்கள். பதினாறாம் நூற்றாண்டில், போப்பிடமிருந்து பிரிந்த எட்டாம் ஹென்றி காலத்தில், இங்கிலாந்தின் மடங்கள் எல்லாம் கலைக்கப்பட்டன. கத்தோலிக்கரான அவர் மகள் மேரி அரசி காலத்தில் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் மடம் கொஞ்ச நாள் உயிர்பெற்று மறுபடியும் மூடப்பட்டது. அந்த மடத்தின் கடைசித் துறவியாக எஞ்சியவர் சிகிபர்ட் பக்லி என்ற முதியவர். 1607-இல் அவர் இரண்டு இளம் துறவிகளைத் தன் மடத்தின் வாரிசுகளாக ஏற்றுக்கொண்டார். அந்த ஒரு மெல்லிய இழையைப் பிடித்துக்கொண்டுதான் ஆம்பிள்ஃபோர்த் துறவிகள் தங்களை வெஸ்ட்மின்ஸ்டரின் தொடர்ச்சி என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

இங்கிலாந்தில் கத்தோலிக்க மடம் நடத்த முடியாத காலம் அது. குருவாக நாட்டுக்குள் வருவதே ராஜத்துரோகம், தண்டனை தூக்கு. அதனால் 1608-இல் அவர்கள் இன்றைய பிரான்சின் லொரேன் பகுதியில் தியூலுவார் என்ற சிற்றூரில் மடம் அமைத்தார்கள். இங்கிலாந்தில் கத்தோலிக்கத்தை விடாமல் பிடித்திருந்த குடும்பங்கள் பிள்ளைகளைக் கடல் தாண்டி இப்படிப்பட்ட இடங்களுக்கு அனுப்பிப் படிக்க வைத்தன. அதுவும் சட்டப்படி குற்றம்தான். குருக்கள் மாறுவேடத்தில் வந்து பண்ணை வீடுகளில் பூசை வைப்பார்கள். வீட்டுச் சுவருக்குள் குருவை ஒளித்து வைக்கப் பொந்து கட்டியிருப்பார்கள். வேலைக்காரர் முதல் பிள்ளைகள் வரை எல்லாருக்கும் ஒரே பாடம்தான்: வீட்டு விஷயம் வாசல் தாண்டக் கூடாது, அதிகாரி வந்து கேட்டால் ஒன்றும் தெரியாது.

பிரெஞ்சுப் புரட்சி அவர்களை 1793-இல் அங்கிருந்தும் விரட்டியது. அதற்குள் இங்கிலாந்தில் சட்டம் தளர்ந்திருந்தது. பத்து ஆண்டுகள் போல ஊர் ஊராக அலைந்துவிட்டு, 1802-இல் யார்க்ஷயரில் ஒரு வீட்டில் வந்து அடங்கினார்கள். அந்த வீட்டைக் கட்டியவர் ஆன் ஃபேர்ஃபாக்ஸ் சீமாட்டி. தன் குடும்பத்தின் குருவுக்காக அவர் கட்டிய வீடு அது. அவருடைய சொந்த வீடு எது தெரியுமா? பள்ளத்தாக்கின் எதிரே இருந்த கில்லிங் கோட்டை. இரண்டு சரிவுகளுக்கும் உள்ள உறவு அப்போதே தொடங்கிவிட்டது.

இந்தப் பழைய கதையை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது. அரசு என்றால் எதிரி, வெளியார் என்றால் ஆபத்து, நம்மவர் தப்பு செய்தாலும் நாமே பார்த்துக்கொள்வோம் என்ற பழக்கம் இவர்களுக்குத் தூக்குமேடையின் நிழலில் வந்தது. அப்போது அது உயிரைக் காத்த பழக்கம். ஆனால் 1829-இல் கத்தோலிக்கருக்குக் குடியுரிமைகள் திரும்பக் கிடைத்துவிட்டன. அதன்பின் நூற்று ஐம்பது ஆண்டுகள் கழிந்தும் அதே பழக்கம் அப்படியே இருந்தபோது அது காப்பாற்றியது துறவியை, பலிகொடுத்தது பிள்ளையை. வரலாறு இதை விளக்குகிறது என்று சொல்வேன், மன்னிக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஏனென்றால் 1960-களின் ஆம்பிள்ஃபோர்த் துறவிகள் ஒளிந்து வாழ்ந்தவர்கள் அல்ல. அவர்கள் பிரபுக்களோடு சாப்பிட்டார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் பள்ளி பெரிதாக வளர்ந்தது. 1924 முதல் 1954 வரை தலைமையாசிரியராக இருந்த பால் நெவில் அதை, மேல்தட்டுப் பிள்ளைகள் படிக்கும் புகழ்பெற்ற ஈட்டன் போன்ற பள்ளிகளுக்குச் சமமாக நிறுத்தினார். ‘கத்தோலிக்க ஈட்டன்’ என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. மடத்தின் கோயிலை வடிவமைத்தவர் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட். லண்டனின் சிவப்புத் தொலைபேசிக் கூண்டை வடிவமைத்தவரும் அவரே. சிற்பி ஆன்டனி கோர்ம்லி, எழுத்தாளர் ஜூலியன் ஃபெலோஸ் எல்லாரும் இங்கே படித்தவர்கள். லெசோத்தோ நாட்டு மன்னர்கள் இரண்டு தலைமுறையாக இங்கே படித்தார்கள்.

கில்லிங் கோட்டையை மடம் 1929-இல் வாங்கியது. அந்த விற்பனையின்போது கோட்டையின் பெரிய கூடத்திலிருந்த பதினாறாம் நூற்றாண்டு மரவேலைப்பாடுகளை மட்டும் தனியாகக் கழற்றி அமெரிக்கப் பத்திரிகை முதலாளி வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட்டுக்கு விற்றுவிட்டார்கள். அவர் அவற்றைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் பெட்டிகளில் போட்டு வைத்திருந்தார். 1952-இல் துறவிகள் அவற்றைத் திரும்ப வாங்கி, பழைய இடத்திலேயே பொருத்தினார்கள். யார்க்ஷயர்ச் சீமான்களின் குலச் சின்னங்கள் தொங்கும் மரங்களை வரிசையாகத் தீட்டிய அழகான சுவர்ப்பட்டை அது. கலைப்பொருளைப் பேணுவதில் அந்தத் துறவிகளுக்கு எவ்வளவு பொறுமையும் அக்கறையும் இருந்தன என்பதற்கு இது சாட்சி. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கசக்கிறது.

1975

பியர்ஸ் கிராண்ட்-ஃபெரிஸ் என்ற துறவி 1960-களின் நடுவிலிருந்து கில்லிங்கில் வேலை பார்த்தார். அவருடைய அப்பா கன்சர்வேட்டிவ் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர், பின்னாளில் பிரபுக்கள் சபைக்குப் போனவர். துறவியான மகன் பிற்காலத்தில் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட குற்றங்கள் 1966 முதல் 1975 வரை பதினைந்து சிறுவர்களிடம் நடந்தவை, மொத்தம் 20 குற்றச்சாட்டுகள்.

1975-இல் அவரைப் பற்றிய புகார் மடாதிபதியின் காதுக்கு எட்டியது. அப்போது மடாதிபதி பேசில் ஹியூம். அவர் ஆம்பிள்ஃபோர்த்திலேயே படித்தவர், 1941-இல் மடத்தில் சேர்ந்தவர், 1963 முதல் மடாதிபதி. அவர் கிராண்ட்-ஃபெரிஸைக் கில்லிங்கிலிருந்து விலக்கினார். போலீசுக்குச் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு போப் ஆறாம் பவுல் அவரை வெஸ்ட்மின்ஸ்டர் பேராயராக, அதாவது இங்கிலாந்துக் கத்தோலிக்கரின் தலைவராக நியமித்தார். 1999-இல் இறக்கும்வரை கர்தினால் ஹியூம் அந்த நாட்டில் மதம் கடந்து நேசிக்கப்பட்ட மனிதர். நியூகாசில் நகரத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது.

கிராண்ட்-ஃபெரிஸ் நீதிமன்றத்தில் நின்றது முப்பது ஆண்டுகள் கழித்து. 2006 ஜனவரியில் அவருக்கு இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. 1966-இல் எட்டு வயதான பையனுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது.

ஹியூம் கெட்டவரா என்று கேட்டால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதுதான் இதில் கனமான விஷயம். அவர் புகாரைக் கிழித்துப் போடவில்லை. ஆளை இடம் மாற்றினார், கில்லிங் பிள்ளைகளிடமிருந்து தள்ளி வைத்தார். அந்தக் காலத்தில் புகாரைப் போலீசிடம் கொண்டுபோகச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அவர் கண்ணுக்கு அன்று தெரிந்தது தடுமாறிப்போன ஒரு துறவி. குற்றத்துக்கு ஆளான ஒரு பிள்ளை அதே அளவு தெளிவாகத் தெரியவில்லை. கில்லிங்கில் இன்னும் எத்தனை பேர் என்று போய்க் கேட்க யாரும் அனுப்பப்படவில்லை. பதினைந்து பேர் என்ற கணக்கு போலீஸ் வந்த பிறகு கிடைத்தது.

மடாதிபதி என்றால் யார்

ஆங்கிலத்தில் மடாதிபதியைக் குறிக்கும் ‘ஆபட்’ என்ற சொல்லுக்கு வேர் அரமேய மொழியின் ‘அப்பா’. இயேசு பேசிய மொழியில் அந்தச் சொல்லுக்கு நம் மொழியில் உள்ள அதே பொருள்தான். இந்த ஒரு சொல்லுக்குள் பாதிச் சிக்கல் இருக்கிறது.

ஆம்பிள்ஃபோர்த்தில் மடாதிபதியைத் துறவிகளே தேர்ந்தெடுப்பார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டதும் அவர் அவர்களுக்குத் தந்தை. கீழ்ப்படிதல் வாக்குறுதி அவரிடம்தான். யார் ஆசிரியர், யார் விடுதிக் கண்காணிப்பாளர், யார் பங்குக்கு, அதாவது ஓர் ஊர்க் கோயிலையும் அதன் மக்களையும் கவனிக்க, போக வேண்டும் என்று முடிவு செய்பவர் அவர். பள்ளியின் சொத்து மடத்தின் சொத்து. தலைமையாசிரியரும் ஒரு துறவி, அவரும் இவருக்குக் கீழ்ப்படிந்தவர். இன்னொன்றும் உண்டு: பள்ளியை நடத்தியவர்களே பிறகு மடாதிபதியாவது வழக்கமாக இருந்தது. பேட்ரிக் பேரி 1964 முதல் 1979 வரை தலைமையாசிரியர், 1984 முதல் 1997 வரை மடாதிபதி. ஆக, பள்ளியில் நடந்த தப்பு மேலிடத்துக்குப் போகிறது என்றால், அங்கே நாற்காலியில் இருப்பவர் அந்தப் பள்ளியின் பழைய பெரியவர்.

சரி, அவருக்கு மேலே யாராவது கேட்க மாட்டார்களா? ஆசீர்வாதப்பர் சபையில் ஒவ்வொரு மடமும் தனி ராஜ்ஜியம். உள்ளூர் ஆயருக்கு (பிஷப்புக்கு) மடத்தின் உள் விவகாரத்தில் பிடி இல்லை. இங்கிலாந்து மடங்களின் கூட்டமைப்புக்கு ஒரு தலைவர் உண்டு. அவர் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வந்து பார்வையிடுவார், துறவிகளோடு பேசுவார், குறை நிறை எழுதுவார். இதைச் செய் என்று கட்டளையிடும் அதிகாரம் அவருக்குப் பெரும்பாலும் கிடையாது.

இப்போது ஒரு தகப்பனை நினைத்துப் பாருங்கள். எத்தனையோ மகன்கள். முப்பது ஆண்டாக ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரே கோயிலில் ஒரு நாளைக்குப் பல முறை சேர்ந்து ஜெபித்தவர்கள். அதில் ஒருவன் வந்து அழுது தன் தப்பை ஒப்புக்கொள்கிறான். தகப்பன் போலீசுக்குப் போன் போடுவானா? அவன் மன்னிக்கத்தான் பார்ப்பான். இடம் மாற்றிப் பார்ப்பான். இனி செய்யாதே என்பான். துறவியைப் பொறுத்தவரை அது கருணை. ஆனால் அந்தக் குடும்பத்தில் கில்லிங் பையன் மகன் அல்ல. அவன் ஃபீஸ் கட்டிப் படிக்க வந்த ஊரான் வீட்டுப் பிள்ளை. அவனுக்கு அங்கே அப்பா இல்லை.

கிரெகரி கரோல் என்ற துறவியின் விஷயத்தில் இது அப்படியே நடந்தது. 1979-க்கும் 1987-க்கும் இடையில் பத்துப் பையன்களிடம் அவர் செய்த குற்றங்களுக்காக 2005-இல் சிறை சென்றார். ஆனால் மடத்துக்கு 1987-லேயே தெரியும். தெரிந்ததும் அவரைப் பள்ளியிலிருந்து எடுத்து, கம்பிரியாவில் ஒரு பங்குக்கு அனுப்பினார்கள். வட இங்கிலாந்தில் ஆம்பிள்ஃபோர்த்தின் பொறுப்பில் பல பங்குகள் இருந்தன. பழைய ஒளிவு மறைவுக் காலத்தில் துறவிகள் குதிரையேறிப் போய்ப் பூசை வைத்த ஊர்கள்தான் பிறகு பங்குகளாயின. சிக்கலான துறவியை அனுப்ப மடத்துக்கு இடத்துக்குப் பஞ்சமே இல்லை. காதும் காதும் வைத்தாற்போல் வேலை முடிந்துவிடும். போகிற ஊர் மக்களுக்கும் பிள்ளைகள் உண்டு என்பதை யார் யோசித்தார்கள்? இப்படி மாற்றப்பட்டவர்களைப் பற்றி, வரவேற்கும் ஊருக்குப் பெரும்பாலும் மிகக் கொஞ்சமே சொல்லப்பட்டது என்று ஆணையம் பதிவு செய்திருக்கிறது.

இதில் என்னால் தாங்கிக்கொள்ள முடியாத ஒன்று உண்டு. புனித பெனடிக்ட் எழுதிய விதிநூல் எழுபத்து மூன்று சிறு அத்தியாயங்கள் கொண்டது. இந்தத் துறவிகள் அதைத் தினமும் ஒரு பகுதியாக வாசிக்கக் கேட்பவர்கள். துறவிகள் தூங்கும் அறையில் விடியும்வரை ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்கிறது அதன் 22-ஆம் அத்தியாயம். இளையவர்களின் கட்டில்கள் அடுத்தடுத்து இல்லாமல் மூத்தவர்களின் கட்டில்களுக்கு இடையில் இருக்கட்டும் என்றும் சொல்கிறது. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அவருக்கு மனிதர்களைத் தெரிந்திருக்கிறது. 28-ஆம் அத்தியாயம் திருந்தாத துறவியைப் பற்றியது. எல்லா மருந்தும் கொடுத்துப் பார், ஜெபித்துப் பார், அதற்கும் குணமாகாவிட்டால் மடாதிபதி அறுவைக் கத்தியை எடுக்கத்தான் வேண்டும், நோயுற்ற ஓர் ஆடு மந்தை முழுவதையும் கெடுத்துவிடக் கூடாது என்கிறார். போலீசைக் கூப்பிட்டிருந்தால் அது தங்கள் மரபுக்கு விரோதம் என்று அவர்களில் யாரும் சொல்லியிருக்க முடியாது. கத்தி அவர்கள் கையில் இருந்த புத்தகத்திலேயே இருந்தது.

அறிக்கைகள் வந்தன, மனம் வரவில்லை

2001-இல் இங்கிலாந்துக் கத்தோலிக்கத் திருச்சபைக்காக முன்னாள் நீதிபதி நோலன் பிரபு ஓர் அறிக்கை தயாரித்தார். 83 பரிந்துரைகள். சாரம் எளிமையானது: புகார் வந்தால் உடனே போலீசுக்கும் சமூக நலத் துறைக்கும் சொல்லுங்கள், ஒவ்வொரு இடத்திலும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கு ஒரு பொறுப்பாளரை வையுங்கள். ஆயர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஆம்பிள்ஃபோர்த்தும் டவுன்சைடும் இதை நிறைவேற்றுவது கட்டாயமும் இல்லை, விரும்பத்தக்கதும் இல்லை என்ற மனநிலையில் இருந்ததாக ஆணையம் சொல்கிறது. திருச்சபையிலும் அதை யாரும் தட்டிக் கேட்டதாகத் தெரியவில்லை.

அப்போது ஆம்பிள்ஃபோர்த்தில் மடாதிபதி திமோத்தி ரைட், 1997 முதல் 2005 வரை. பாலியல் குற்றவாளிகளைப் பற்றிக் காலாவதியான எண்ணங்களைப் பிடித்துக்கொண்டு, எப்போதும் தனக்கே எல்லாம் தெரியும் என்று அசையாமல் நின்றவர் என்று அவரைப் பற்றி ஆணையம் எழுதியது. அரசு அறிக்கைகள் பொதுவாக மனிதர்களைப் பற்றி இவ்வளவு நேரடியாகப் பேசாது. 2003-இல் போலீஸ் விசாரணை தொடங்கியது. கரோல், கிராண்ட்-ஃபெரிஸ் வழக்குகள் அதன்பின் வந்தவைதான். போலீசோடும் உள்ளாட்சி அதிகாரிகளோடும் எப்பாடுபட்டாவது தொடர்பைத் தவிர்ப்பதே நெடுங்காலம் இரு இடங்களின் முதன்மைக் கவலையாக இருந்தது என்பதுதான் அறிக்கையின் மையமான முடிவு.

டவுன்சைடில் நடந்த ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2012 கோடைக்காலம். அந்த ஆண்டுதான் அந்தப் பள்ளியின் பழைய ஆசிரியரான துறவி ஒருவர் சிறைக்குப் போயிருந்தார். டவுன்சைடின் அன்றைய தலைமையாசிரியர், அவரும் துறவிதான், மடத்தின் நிலவறையில் இருந்த பழைய ஊழியர் கோப்புகளை ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் ஏற்றி, தோட்டத்தின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். ஒரு நடை இல்லை, பல நடை. அங்கே குவித்துத் தீ வைத்தார். 1980-களின் தொடக்கம் வரை பின்னோக்கிப் போகும் கோப்புகள். தேவையில்லாத பழைய காகிதங்களை அப்புறப்படுத்தினேன் என்றார் அவர். அந்தக் கோப்புகளில் யாரைப் பற்றி என்ன இருந்தது என்று இனி எவராலும் சொல்ல முடியாது. யாரோ ஒருவருடைய எட்டு வயதுக்கு இருந்த ஒரே காகிதச் சாட்சி அதில் இருந்திருந்தால்?

அப்புறம் காரியங்கள் வேகமாக நடந்தன. மடத்தையும் பள்ளியையும் நடத்திய ஆம்பிள்ஃபோர்த் அறக்கட்டளைகள் மீது, அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான அறநிறுவன ஆணையம் 2016-இல் விசாரணை தொடங்கியது. 2018 ஏப்ரலில் பிள்ளைகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் பொறுப்பை அந்த அறக்கட்டளைகளிடமிருந்து எடுத்து, வெளியிலிருந்து ஓர் இடைக்கால நிர்வாகியிடம் கொடுத்தது. கில்லிங் கோட்டைப் பள்ளி 2020-இல் மூடப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் ஆம்பிள்ஃபோர்த் புதிய மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்று கல்வித் துறை உத்தரவிட்டது. பள்ளி மேல்முறையீடு செய்தது, பள்ளி நிர்வாகத்துக்கும் மடத்துக்கும் இடையிலான பிரிவை இன்னும் தெளிவாக்கியது, பின்னர் தடை விலக்கப்பட்டது. பள்ளி இன்றும் நடக்கிறது. டவுன்சைடில் பள்ளி இருக்கிறது, துறவிகள் இல்லை. அவர்கள் 2022-இல் டெவனில் உள்ள பக்ஃபாஸ்ட் மட வளாகத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள்.

இப்போது ஆம்பிள்ஃபோர்த்தில் படிக்கும் பிள்ளைகளுக்கும் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் இந்தப் பழைய குற்றங்களில் பங்கில்லை. அங்கே படித்து நல்ல நினைவுகளோடு வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அவர்கள் சொல்வதும் பொய் இல்லை. ஒரே விடுதியில், ஒரே ஆண்டில், அடுத்தடுத்த கட்டிலில் படுத்த இருவருக்கு அந்தப் பள்ளி இரண்டு வேறு இடங்களாக இருந்திருக்கிறது. நல்ல நினைவு உள்ளவர் மற்றவரை நம்பாமல் போவதுதான் இத்தனை ஆண்டு மௌனத்துக்கு இன்னொரு தூண். இதைப் பற்றி அறிக்கைகளில் அதிகம் பேச்சில்லை. பழைய மாணவர் சங்கக் கூட்டங்களுக்குப் போகாமல் நின்றுவிட்டவர்கள் யார், ஏன் என்று அந்தச் சங்கங்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சொல்லியே ஆக வேண்டும் என்ற சட்டம்

2020 நவம்பரில் ஆணையம் இங்கிலாந்து, வேல்ஸ் கத்தோலிக்கத் திருச்சபை முழுவதையும் பற்றி அறிக்கை தந்தது. 1970-க்கும் 2015-க்கும் இடையில் 900-க்கும் மேற்பட்ட ஆட்கள் மீது 3,000-க்கும் அதிகமான சம்பவங்கள் குறித்துப் புகார்கள் வந்திருந்தன. ஹியூம் இருந்த அதே வெஸ்ட்மின்ஸ்டர் நாற்காலியில் அப்போது இருந்த கர்தினால் வின்சென்ட் நிக்கல்ஸ், பாதிக்கப்பட்டவர்களைவிடத் திருச்சபையின் பெயருக்கு முன்னுரிமை கொடுத்த தருணங்கள் உண்டு என்று அது விமர்சித்தது.

2022 அக்டோபரில் வந்த இறுதி அறிக்கையின் முக்கியப் பரிந்துரைகளில் ஒன்று, 1975-இல் ஹியூமின் மேசையில் இல்லாத அந்தச் சட்டம். பிள்ளைகளோடு வேலை செய்பவருக்குப் பாலியல் வன்முறை பற்றித் தெரியவந்தால் அவர் அதிகாரிகளிடம் சொல்லியே ஆக வேண்டும். பாவசங்கீர்த்தனத்தில், அதாவது குருவிடம் ரகசியமாகப் பாவத்தை ஒப்புக்கொள்ளும்போது, கேட்டதானாலும் விலக்கு இல்லை என்று ஆணையம் தெளிவாகச் சொன்னது. கத்தோலிக்கத் தலைவர்கள் இதை ஏற்கவில்லை. பாவசங்கீர்த்தன ரகசியத்துக்காக உயிரையே கொடுத்த குருக்களின் நினைவு அவர்களுக்கு உண்டு. அந்த உணர்வை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஆம்பிள்ஃபோர்த்தில் போலீசுக்குப் போகாமல் நின்ற செய்திகளை எடுத்துப் பார்த்தால், நமக்குத் தெரியவந்தவை பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அடைபட்டுக் கிடந்தவை அல்ல. பெற்றோரின் புகாராகவும், மடாதிபதியின் அறையில் நடந்த பேச்சாகவும் இருந்தவை. அவற்றைச் சொல்ல எந்தத் திருச்சபைச் சட்டமும் தடுக்கவில்லை.

2025-இல் பிரிட்டிஷ் அரசு நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த குற்றவியல், காவல் மசோதாவில் இந்தக் கடமையைச் சேர்த்தது. சொல்லாமல் விட்டாலே குற்றத் தண்டனை என்று அதில் வைக்கவில்லை, பிறரைச் சொல்லவிடாமல் தடுப்பவருக்குத்தான் தண்டனை. பாதிக்கப்பட்டவர்கள் தரப்பில் இதற்குக் கடும் அதிருப்தி எழுந்தது. எனக்கும் அந்த அதிருப்தியே நியாயமாகப் படுகிறது. ஆம்பிள்ஃபோர்த்தில் பெரும்பாலும் யாரும் யாரையும் தடுக்க வேண்டியிருக்கவில்லை. தெரிந்தவர்கள் தாமாகவே பேசாமல் இருந்தார்கள். அந்தப் பேசாமைக்கு விலை வைக்காத சட்டம் 1975-ஐ எப்படி மாற்றியிருக்கும்?

2017-இன் இறுதியில் நடந்த பொது விசாரணையில், முன்னாள் மாணவர்கள் பெயரில்லாமல் சாட்சி சொன்னார்கள். அறிக்கையில் அவர்களுக்கு ஆங்கில எழுத்துகளும் எண்களும் சேர்ந்த குறியீடுகள்தான் உண்டு. தண்டனை பெறாத, குற்றம் சாட்டப்பட்ட துறவிகள் பலருக்கும் அதேபோல வேறு எழுத்துள்ள குறியீடு. பக்கத்துக்குப் பக்கம் இந்த எழுத்தும் எண்ணும்தான் ஒன்றையொன்று சந்திக்கின்றன: இந்த எண் அந்த எண்ணிடம் சொன்னது, அந்த எண் மடாதிபதியிடம் போனது. அந்த வரிசையில் சொந்தப் பெயரோடு இருப்பவர்கள் பெரும்பாலும் சிறை சென்றவர்களும் மடாதிபதிகளும்தான். சாட்சி சொன்னவர்களில் பலருக்கு இப்போது தலை நரைத்திருக்கும். ஏழு எட்டு வயதில் ராத்திரி யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் படுத்திருந்ததை, வெளியார் ஒருவர் கேட்க, குறிப்பெடுக்க, அவர்கள் முழுதாகச் சொல்லி முடித்தது அந்த விசாரணை அறையில்தான்.